யூத விமானியின் வீட்டுக் காலண்டர்: அமெரிக்க விமான வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருமணமான பின் வந்த முதல் பெசாக் பண்டிகைக்கு எங்கள் மேசையைச் சுற்றிப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டாவது நாற்காலி என் கணவருடையது. அவர் அந்த நேரத்தில் நியூவார்க்கை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார். இரவு பதினொன்றே முக்காலுக்குச் சீருடையோடு வாசலில் வந்து நின்றபோது, விருந்துச் சடங்கின்படி நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டிய சின்னவன் கேட்டு முடித்துத் தூங்கிப் போயிருந்தான். விருந்தின் கடைசியில் சாப்பிட வேண்டிய மட்ஸா என்ற புளிக்காத ரொட்டித் துண்டை மாமியார் துணியில் சுற்றி வைத்திருந்தார். நள்ளிரவுக்கு முன் அதையாவது சாப்பிட வேண்டும் என்று தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சாப்பிட்டார்.

இதில் நிறுவனத்தின் மேல் தவறு இல்லை. காலண்டரில் பெசாக் என்று அச்சிட்டிருந்த தேதிக்கு விடுப்புக் கேட்டிருந்தார், அது கிடைத்தும் விட்டது. ஆனால் யூதப் பண்டிகை முந்தின நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். நிறுவனத்தின் கணினிக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இந்த இரண்டுக்கும் நடுவில் பெசாக் இரவுச் சடங்கான எங்கள் முதல் செடர் விருந்து போய்விட்டது. சட்டமோ ராபியோ (யூத மதகுரு) காப்பாற்றியிருக்க முடியாது. ஒரு நாள் முன்னால் தள்ளிக் கேட்டிருந்தால் போதும்.

நான் திருச்சியில் பிறந்தவள். திருமணத்துக்கு முன்பே முறைப்படி யூத சமயத்துக்கு மாறினேன். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நாங்கள் போகும் சினகாக் (யூத வழிபாட்டுக்கூடம்) யூத சமயத்தின் கன்சர்வேடிவ் பிரிவைச் சேர்ந்தது. வீட்டில் காலண்டரும் காகிதங்களும் என் பொறுப்பு. நீங்கள் யூதராக இருந்து விமானி வேலைக்குப் போகிறீர்கள் என்றாலும், என்னைப் போல ஒரு யூத விமானியை மணந்திருக்கிறீர்கள் என்றாலும், நாங்கள் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். அமெரிக்க நிறுவனங்களை வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எதை விடவே மாட்டீர்கள் என்று முதலில் வீட்டில் முடிவு செய்யுங்கள்

இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர்களுக்கு, மரபுப்படி வேலை செய்யக்கூடாத பண்டிகை நாட்கள் வருடத்தில் 13. ரோஷ் ஹஷானா (புத்தாண்டு) 2, யோம் கிப்பூர் (விரத நாள்) 1, சுக்கோத்தின் (கூடாரப் பண்டிகை) தொடக்கத்தில் 2, முடிவில் 2, பெசாக்கின் தொடக்கத்தில் 2, முடிவில் 2, ஷவுவோத் 2. இதோடு ஒவ்வொரு வாரமும் வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை ஷப்பாத் என்ற ஓய்வு நாள். புதிதாகச் சேரும் விமானிக்கு இத்தனையும் கிடைக்காது. விமான வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது சீனியாரிட்டி, அதாவது நிறுவனத்தில் சேர்ந்த வரிசைப்படி தரும் எண். எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் விடுப்பு, எந்தக் கிழமை ஓய்வு, எல்லாமே அந்த எண்ணின்படிதான்.

அதனால் ஒரு மாலை உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். எங்கள் வீட்டில் விடவே முடியாதவை என்று நான்கு வைத்தோம்: யோம் கிப்பூர், ரோஷ் ஹஷானாவின் முதல் நாள், பெசாக்கின் இரண்டு செடர் இரவுகள். முடிந்தவரை காப்பாற்ற வேண்டியவை அடுத்த வரிசை. ஷப்பாத் அதில்தான் வந்தது. முதல் இரண்டு வருடங்களில் என் கணவர் சனிக்கிழமைகளில் பறந்திருக்கிறார். அது எங்களுக்கு லேசாக இருக்கவில்லை, அதை மறைத்து எழுதவும் விரும்பவில்லை.

ஷப்பாத்தை எந்தக் காரணத்துக்கும் மீற மாட்டேன் என்பவரானால், பயணிகள் விமான நிறுவனத்தின் முதல் வருடங்கள் மிகக் கடினம் என்பதைப் பணம் செலவழிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தொடக்கத்திலிருந்து உரிமங்கள் முழுவதையும் பெற ஒரு லட்சம் டாலரைத் தொடும். சனிக்கிழமை வேலை செய்யாத பயிற்றுநராகப் பறப்பு மணிகளைச் சேர்ப்பது, வாரநாட்களில் மட்டும் பறக்கும் தனியார் நிறுவன விமானத்தில் சேர்வது என்று வேறு வழிகளும் உண்டு. "எல் ஆல் நிறுவனத்தில் சேர்ந்துவிடலாமே?" என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த இஸ்ரேல் விமான நிறுவனம் 1982 முதல் ஷப்பாத்திலும் பண்டிகை நாளிலும் பயணிகள் சேவை நடத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது இஸ்ரேலில் குடியேறுவது பற்றிய முடிவு. விடுப்புப் பிரச்சினைக்காக மட்டும் எடுக்கிற முடிவு அல்ல.

2. காகிதங்கள்

எல்லா விமானிக்கும் வேண்டியவை உங்களுக்கும் வேண்டும். விமானப் போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 1,500 மணி நேரப் பறப்பு, 23 வயது. அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் பட்டப்படிப்பு முடித்தவருக்கு 1,000 மணி, இராணுவ விமானிக்கு 750 மணி போதும், வயதும் 21 ஆகக் குறையும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் 40 வயதுக்குக் கீழே 12 மாதம், அதற்கு மேல் 6 மாதம் செல்லும். பரிசோதனைக்குச் சுமார் 200 டாலர் எடுத்து வையுங்கள், மருத்துவருக்கு மருத்துவர் மாறும். பரிசோதனைத் தேதியைச் செப்டம்பர், அக்டோபரில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதங்களில் ஒரு ஓய்வு நாள்கூட உங்களுக்கு விலை அதிகம்.

இவற்றோடு நம் வீட்டுக்கென்று மூன்று காகிதங்களைத் தயார் செய்யுங்கள்.

முதலாவது, ராபியின் கடிதம். சட்டப்படி அது கட்டாயம் இல்லை. ஆனாலும் மனிதவளத் துறை கேட்கும்போது கையில் இருந்தால் இரண்டு வாரம் மிச்சம். எந்தெந்த நாட்கள், ஒவ்வொன்றும் முந்தின நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அன்று என்ன செய்யக்கூடாது என்று ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். செலவு கிடையாது.

இரண்டாவது, வருகிற மூன்று வருடப் பண்டிகைத் தேதிகள். அட்டவணையில் "விடுப்பு தொடங்க வேண்டிய தேதி" என்று தனியாக ஒரு பத்தி போடுங்கள். முதல் செடர் இரவை எங்களிடமிருந்து பறித்தது இந்தப் பத்தி இல்லாததுதான்.

மூன்றாவது, பெற்றோரில் ஒருவர் இஸ்ரேல் குடிமகனாக இருந்தால் உங்கள் குடியுரிமை நிலை. இஸ்ரேல் குடியுரிமை உள்ளவர் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோர் வழியாகக் குடியுரிமை வந்திருக்கலாம், இராணுவக் கடமை பற்றிய கேள்வியும் கூடவே வரும். டெல் அவிவுக்கு முதல் ட்ரிப் (ஒருமுறை புறப்பட்டுத் திரும்பும்வரையான பணி) விழுந்த பிறகு இதை விசாரிக்க ஆரம்பித்தால் நேரம் போதாது. தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

3. நிறுவனத்திடம் எப்போது சொல்வது

நேர்முகத்தில் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. நிபந்தனையோடு கூடிய வேலை ஆணை எழுத்தில் கைக்கு வந்த பிறகு, பயிற்சி வகுப்பு தொடங்கும் முன் சொல்லுங்கள். அதுதான் சரியான இடைவெளி. தொலைபேசியில் சொன்னாலும் அன்றே மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். பயிற்சி முடிந்த பிறகு சொன்னால், "முன்பே சொல்லியிருக்கலாமே" என்ற பேச்சு வரும்.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும் என்பதில் நிறையப் பேருக்குத் தப்பான நம்பிக்கை இருக்கிறது. 1964 ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், ஏழாவது பகுதி, மதக் கடமைக்கு நியாயமான வசதி செய்து தரச் சொல்கிறது. தொழிலுக்குக் கணிசமான கூடுதல் செலவு ஆகும் என்று காட்டினால்தான் முதலாளி மறுக்கலாம் என்று 2023 ஜூனில் க்ரோஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1977 ஆம் ஆண்டின் ஹார்டிசன் வழக்கையும் படியுங்கள். அதுவும் ஒரு விமான நிறுவனத்தில் நடந்ததுதான். கன்சாஸ் சிட்டியில் இருந்த டி.டபிள்யூ.ஏ. பராமரிப்பு மையத்தில் வேலை பார்த்தவர் சனிக்கிழமை வேலை செய்ய மறுத்தார். ஒருவருடைய ஓய்வு நாளுக்காக யூனியன் ஒப்பந்தத்தின் சீனியாரிட்டி வரிசையை உடைக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பகுதி இன்றும் நிற்கிறது.

ஆகவே உங்களுக்கு மேலே இருப்பவரின் விடுப்பைப் பிடுங்கி உங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள்: பயிற்சித் தேதியை மாற்றுவது, ட்ரிப்பை மற்றவரோடு மாற்றிக்கொள்ளக் கூடுதல் அனுமதி, சம்பளமில்லா விடுப்பு, சீருடையோடு கிப்பா (யூத ஆண்கள் தலையில் அணியும் சின்னத் தொப்பி).

4. பயிற்சி மாதங்கள்

எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். வேலையில் சேர்ந்தபின் இரண்டு, மூன்று மாதம் பயிற்சி. அப்போது சீனியாரிட்டி எண்ணும் உதவாது, யாரோடும் மாற்றிக்கொள்ளவும் முடியாது. சிமுலேட்டர் (விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) இரவு பகலாக ஓடும். விடிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கும் வகுப்பும் உண்டு, சனிக்கிழமைத் தேர்வும் உண்டு.

என் கணவரின் இறுதித் தேர்வை யோம் கிப்பூர் அன்று போட்டார்கள். போட்டவருக்கு அது என்ன நாள் என்றே தெரியாது. அட்டவணை வந்த அன்றே எழுதியிருந்தால் மாறியிருக்கும். இவர் புதிய ஆள், முதல் வருடம் முழுவதும் தகுதிகாண் காலம், கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று ஆறு நாள் பேசாமல் இருந்தார். ஏழாவது நாள் எழுதினார். தேதி மாறியது, ஆனால் ஒன்பது நாள் தள்ளிப் போனது. அவரோடு பயிற்சி எடுத்த ஜோடி விமானியும் ஒன்பது நாள் ஹோட்டல் அறையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதருக்கு வீட்டில் கைக்குழந்தை. இன்றும் என் கணவருக்கு அது உறுத்தல்.

வகுப்புத் தேதி தரும்போதே காலண்டரை எடுங்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கும் வகுப்பு தந்தால், நவம்பர் வகுப்புக்குத் தள்ள முடியுமா என்று கேளுங்கள். இரண்டு மாத சீனியாரிட்டி போகும். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், பின்னாளில் அது பல நூறு எண்கள் ஆகலாம். தள்ள வேண்டாம் என்று முடிவு செய்தால், சேரும் நாளிலேயே யோம் கிப்பூர் தேதியைப் பயிற்சி அட்டவணை போடுபவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜோடியாகப் பயிற்சி எடுப்பவரிடமும் முதல் நாளே சொல்லுங்கள்.

5. மாத விருப்பப் பட்டியலும் வருட விடுப்பும்

ஒவ்வொரு மாதமும் எந்த ட்ரிப், எந்த நாள் ஓய்வு என்று கணினியில் விருப்பத்தைப் பதிய வேண்டும். பெரும்பாலும் முந்தின மாதத்தின் முதல் பாதியில் பதிவு மூடிவிடும். வருட விடுப்புக்குப் பொதுவாக முந்தின வருடக் கடைசியில் தனிப் பதிவு நடக்கும். பெசாக் வாரம் பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வந்தால் அதைச் சீனியர்கள் எடுத்துக்கொள்வார்கள். புதியவருக்குப் பிப்ரவரி மிஞ்சும். வருட விடுப்பை நம்பாமல் மாதப் பட்டியலில் கவனத்தை வையுங்கள்.

யூத மாதங்கள் நிலவைப் பின்பற்றுபவை. 19 வருடத்தில் 7 வருடங்களுக்குக் கூடுதல் மாதம் சேரும். அதனால் தேதிகள் வருடத்துக்கு வருடம் ஏறக்குறைய மூன்று வாரம்கூட நகரும். இந்த நகர்வு உங்களுக்கு உதவும் வருடமும் உண்டு, கெடுக்கும் வருடமும் உண்டு.

2026 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் செடர் ஏப்ரல் 1 மாலை. ஈஸ்டர் ஏப்ரல் 5. இரண்டும் ஒரே வாரம், ஆகவே ட்ரிப் மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பது அரிது. 2027 இல் ஈஸ்டர் மார்ச் 28, செடர் ஏப்ரல் 21 மாலை. நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. ஈஸ்டரில் நீங்கள் பறந்து கொடுத்தால் ஏப்ரலில் உங்களுக்குப் பறக்க ஆள் கிடைப்பார்.

ஏப்ரல் 1 போன்ற தேதியில் இன்னொரு பொறி இருக்கிறது. மார்ச் 30 அன்று தொடங்கும் நான்கு நாள் ட்ரிப் மாதம் தாண்டி ஏப்ரல் 2 வரை போகும். ஏப்ரல் பட்டியலில் 1 ஆம் தேதிக்கு ஓய்வு கேட்டுவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், மார்ச் பட்டியல் அதை விழுங்கியிருக்கும். 2027 ரோஷ் ஹஷானாவும் இப்படித்தான், அக்டோபர் 1 வெள்ளி மாலை தொடங்குகிறது. செப்டம்பர் பட்டியலில் 'மாதம் தாண்டும் ட்ரிப் வேண்டாம்' என்று தனியாகப் பதியுங்கள். அந்த வருடம் யோம் கிப்பூர் அக்டோபர் 11 திங்கள், சுக்கோத் 16, 17, கடைசி இரண்டு நாள் 23, 24. எல்லாம் ஒரே மாதத்தில். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கேட்டால் கணினி சிலவற்றைத் தள்ளிவிடும், எனவே உங்கள் "விடவே முடியாதவை" முதல் வரியில் இருக்கட்டும். நாங்கள் முதலில் எல்லா நாட்களையும் ஒரே எடையில் போட்டோம். சுக்கோத்தின் முடிவில் வரும் ஷெமினி அட்ஸெரெத் கிடைத்தது, யோம் கிப்பூர் கிடைக்கவில்லை.

கிடைக்காதபோது மாற்றிக்கொள்வதுதான் வழி. கிறிஸ்துமஸ் உங்கள் கையில் உள்ள பெரிய காசு. டிசம்பர் 24, 25 இல் பறக்கத் தயார் என்றால் நன்றியோடு வருவார்கள். ஆனால் பல நிறுவனங்களின் கணினியில் ஒரே மாதத்துக்குள் உள்ள ட்ரிப்புகளைத்தான் மாற்றலாம். "செப்டம்பரில் நீ பற, டிசம்பரில் நான் பறக்கிறேன்" என்பது வாய்ப்பேச்சு மட்டுமே. அந்த வாக்கைக் கட்டாயம் காப்பாற்றுங்கள், ஒருமுறை தவறினால் உங்கள் ட்ரிப்புகள் தொடங்கும் தளத்தில் யாரும் உங்களோடு மாற்ற மாட்டார்கள். என் கணவர் ஒரு கேப்டனுக்குப் பட்ட கடனுக்காக அடுத்தடுத்து இரண்டு கிறிஸ்துமஸ் பறந்தார்.

ட்ரிப்பைச் சம்பளமில்லாமல் விட்டுவிடவும் சில சமயம் அனுமதிப்பார்கள். விலையைத் தெரிந்து விடுங்கள். நான்கு நாள் ட்ரிப் என்றால் சுமார் 20 மணி நேரச் சம்பளம். மாத உத்தரவாதம் (மாதம் குறைந்தது இத்தனை மணிக்குச் சம்பளம் என்ற உறுதி) 75 மணி சுற்றி இருக்கும்போது அது கால் பங்குக்கு மேல். நாங்கள் வருடத்துக்கு ஒரு ட்ரிப்பை இழக்கலாம் என்று ஜனவரியிலேயே பணத்தை ஒதுக்கிவிடுகிறோம்.

6. வெள்ளிக்கிழமை

நியூ ஜெர்சியில் டிசம்பர் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்தை ஒட்டி ஷப்பாத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஜூனில் எட்டு மணி தாண்டியும் நேரம் இருக்கும். அதனால் கோடையில் வெள்ளி மதியம் முடியும் ட்ரிப் போதும், குளிர்காலத்தில் போதாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வியாழன் இரவு முடியும் ட்ரிப்பைத்தான் கேளுங்கள். பனி பெய்து இறக்கைக்கு மருந்து தெளிக்கும் வரிசையில் நின்றால் இரண்டு மணி நேரம் தெரியாமல் போய்விடும்.

ரிசர்வில் (கூப்பிட்டால் உடனே வர வேண்டிய காத்திருப்புப் பணி) இருக்கும்போது வெள்ளி காலை அழைப்பு வந்தால் அது எத்தனை நாள் ட்ரிப் என்று உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது. அப்படி வெளியூரில் மாட்டிக்கொண்டால் என்று பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பை வைத்திருக்கிறோம்: திராட்சைச் சாறு ஒரு சின்னப் புட்டி, காய்ந்துபோகாத இரண்டு சின்ன ரொட்டி, பேட்டரியில் எரியும் இரண்டு விளக்கு. ஹோட்டல் அறையில் தீ ஏற்றக் கூடாது, புகை எச்சரிக்கை அடித்தால் மாடி முழுவதும் வெளியேற வேண்டும். மின்விளக்கில் ஆசீர்வாதம் சொல்லலாமா என்பதை உங்கள் ராபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துகள் வேறுபடும்.

7. வீடு

உங்கள் ட்ரிப்புகள் தொடங்கும் தளமுள்ள ஊரிலேயே குடியிருங்கள். வேறு ஊரிலிருந்து காலி இருக்கையில் பறந்து வேலைக்கு வருபவர்களுக்கு மாதம் மூன்று, நான்கு நாள் அதிலேயே போகும். அவற்றில் ஒன்று வெள்ளிக்கிழமையாக இருக்கும்.

வீடு சினகாக்குக்கு நடக்கும் தூரத்தில் வேண்டும் என்றால் இடங்கள் சுருங்கும், ஆனாலும் உண்டு. நியூவார்க் விமான நிலையத்தை ஒட்டியே எலிசபெத் நகரில் நல்ல யூதக் குடியிருப்பு இருக்கிறது. கென்னடி விமான நிலையத்துக்கு ஃபார் ராக்கவேயும் அதை ஒட்டிய ஐந்து ஊர்களும், இல்லையென்றால் குவீன்ஸில் கியூ கார்டன்ஸ் ஹில்ஸ். அட்லாண்டாவில் டோக்கோ ஹில்ஸ், சிகாகோவில் வெஸ்ட் ராஜர்ஸ் பார்க், ஹூஸ்டனில் மேயர்லேண்ட். வாடகையைப் பார்க்கும்போது பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். நியூயார்க், நியூ ஜெர்சிப் பக்கம் யூதப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்பட வேண்டாம். துணை விமானியின் முதல் வருடச் சம்பளச் சீட்டை வைத்துத்தான் நாங்கள் வாங்கினோம்.

8. சாப்பாடு, மது, விரதம், தாடி

நீண்ட தூர விமானங்களில் கோஷர் (யூத உணவு விதிப்படி தயாரித்த) உணவுக்கு 'கே.எஸ்.எம்.எல்.' என்ற குறி உண்டு. விமானப் பணியாளருக்கும் கேட்டுப் பார்க்கலாம், முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரட்டை உறையோடு சூடு பண்ணச் சொல்லுங்கள். அன்போடு உதவி செய்ய நினைத்து உறையைக் கிழித்துச் சூடு பண்ணிவிடுவார்கள். உள்நாட்டு ட்ரிப்புக்கு நான் கட்டிக் கொடுப்பது புளியோதரை. பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை, இரண்டு நாள் கெடாது, சூடாக்கவும் வேண்டாம். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால், புளித்த தானியம் கூடாத பெசாக் வாரத்தில் அதைத் தொட முடியாது. அரிசி, பருப்பு அந்த வாரம் கூடுமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். 2015 இல் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு அனுமதித்துவிட்டது, என் மாமியார் இன்னும் அனுமதிக்கவில்லை. ஆகவே அந்த எட்டு நாளும் மட்ஸா, வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்குப் பொரியல். வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது மிச்சமிருக்கும் இறைச்சியையும் பழத்தையும் அங்கேயே விட்டுவிடுங்கள், சுங்கத்தில் விமானிக்கென்று தனிச் சலுகை இல்லை.

மது விஷயத்தில் இரண்டாம் யோசனையே வேண்டாம். குடித்து எட்டு மணி நேரத்துக்குள் விமானத்தைத் தொடக்கூடாது என்பது எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) விதி, நிறுவன விதிகள் பெரும்பாலும் அதைவிடக் கடுமை. செடரில் நான்கு கோப்பை ஒயின் குடிப்பது வழக்கம். விருந்து நள்ளிரவில் முடிந்து காலையில் ட்ரிப் இருந்தால் நான்கும் திராட்சைச் சாறாகவே இருக்கட்டும். ரிசர்வில் வீட்டில் இருந்தாலும் அதே கணக்கு.

யோம் கிப்பூரும் திஷா பாவ் என்ற துக்க நாளும் 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத விரதம். விரதத்தோடு பறக்காதீர்கள். உடல் தகுதியில்லாமல் பணிக்கு வரக்கூடாது என்பது விமானிகளின் பணி நேரம், ஓய்வு பற்றிய எஃப்.ஏ.ஏ.வின் பார்ட் 117 விதி, உயிரைக் காப்பது விரதத்தைவிட மேல் என்பது நம் மரபு. யோம் கிப்பூர் இரவு விரதம் முடிகிறது என்று மறுநாள் விடிகாலை ஐந்து மணி ட்ரிப்பை ஒப்புக்கொள்வதும் தப்பு. ஒரு முழு இரவாவது சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போங்கள். திஷா பாவ் கோடையில், விமானங்கள் நிரம்பி வழியும் நாட்களில் வரும். அதையும் உங்கள் அட்டவணையில் சேருங்கள்.

தாடி பற்றி 1987 இல் எஃப்.ஏ.ஏ. ஒரு ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டது. தாடி இருந்தால் ஆக்சிஜன் முகமூடி சரியாக ஒட்டாது என்பது அதன் சாரம். அதைக் காட்டிப் பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் தாடியை அனுமதிப்பதில்லை. பெசாக்கின் இரண்டாம் நாளிலிருந்து 33 நாள் சவரம் செய்யாத வழக்கம் இருப்பவர்கள் ராபியிடம் முன்பே கேளுங்கள். பிழைப்புக்காகச் சவரம் செய்ய அனுமதிக்கும் ராபிகள் நிறையப் பேர். கிப்பா அப்படியல்ல, கேட்டால் கிடைக்கும். ஹெட்செட்டுக்குக் கீழே உறுத்தாத மெல்லிய துணிக் கிப்பா வாங்குங்கள்.

தெஃபிலினை (காலைப் பிரார்த்தனையில் கையிலும் நெற்றியிலும் கட்டும் தோல் பெட்டிகள்) சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். ஒரு ஜோடி பல நூறு டாலர். ஹோட்டல் அறையிலேயே காலைப் பிரார்த்தனையை முடித்துவிடுங்கள். 2010 ஜனவரியில் லகார்டியாவிலிருந்து லூயிவில் போன விமானத்தில் ஒரு பையன் தெஃபிலின் அணிந்ததைப் பார்த்துப் பயந்து, விமானத்தையே பிலடெல்பியாவில் இறக்கினார்கள். பாதுகாப்புச் சோதனையில் யாராவது கேட்டால் பொறுமையாகத் திறந்து காட்டுங்கள்.

நீங்கள் கோஹேன் வம்சத்தவராக (சடலத்தின் அருகே போகக்கூடாத பூசாரி வம்சம்) இருந்தால், சரக்கு அறையில் சடலம் ஏறும் விமானம் பற்றி முன்பே ராபியிடம் கேட்டு வையுங்கள். ஓடுபாதைக்கு முன்னால் நின்று கேட்கிற கேள்வி அல்ல அது.

9. பிறப்பும் இறப்பும்

ஆண் குழந்தை பிறந்தால் எட்டாம் நாள் விருத்தசேதனம். பிரசவத் தேதி யாருக்கும் தெரியாது, ஆகவே குடும்ப மருத்துவ விடுப்பை முன்பே விண்ணப்பியுங்கள். விமானப் பணியாளர்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு: முந்தின 12 மாதத்தில் 504 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், மாத உத்தரவாதத்தில் 60 சதவீதமும் எட்டியிருக்க வேண்டும். தகுதி இருந்தால் 72 நாள் வரை. சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவருக்கு இது இல்லை. குழந்தை பற்றி யோசிக்கும்போதே இந்தக் கணக்கையும் போடுங்கள்.

இறப்பு அந்தச் சட்டத்தில் வராது. துக்க விடுப்பு யூனியன் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஷிவா என்ற வீட்டுத் துக்கம் ஏழு நாள், ஒப்பந்தத்தில் அவ்வளவு இருப்பது அபூர்வம். அடக்கமும் ஓரிரு நாளில் நடந்துவிடும். என் மாமனார் இறந்த செய்தி வந்தபோது கணவர் ஒரு வெளியூர் ஹோட்டலில் இருந்தார். தலைமை விமானியை இரவிலேயே கூப்பிட்டார், அவர் கேள்வி கேட்காமல் முதல் விமானத்தில் அனுப்பி வைத்தார். அந்த எண்ணை இன்றே உங்கள் தொலைபேசியிலும், வீட்டில் இருப்பவர் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

பிறகு பதினோரு மாதம் இறந்த பெற்றோருக்காகக் கத்தீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும், அதற்குப் பத்துப் பேர் கூட வேண்டும். ட்ரிப்பின் நடுவில் தங்கும் ஒவ்வொரு லேஓவர் ஊரிலும் எங்கே, காலை எத்தனை மணிக்கு, ஹோட்டலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். நிறைய ஊர்களில் கபாத் (யூத சமய அமைப்பு) இல்லத்தார் பத்தாவது ஆளாக இவரை எதிர்பார்த்து வாசலில் நின்றிருக்கிறார்கள். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லுங்கள். பத்துப் பேர் சேராத ஊர் என்றால் அவர்களே வேறு இடம் சொல்வார்கள்.

10. மறுத்துவிட்டால்

முதலில் யூனியன் பிரதிநிதி. பிறகு மனிதவளத் துறைக்கு எழுத்தில் ஒரு முறை, தேதியோடு. பதில் வாய்ச்சொல்லாக வந்தால், "நீங்கள் இன்று சொன்னது இதுதானே" என்று நீங்களே மின்னஞ்சல் போட்டுப் பதிவாக்குங்கள். எல்லா மின்னஞ்சலையும் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள், வேலை போனால் நிறுவனக் கணக்கும் அன்றே போய்விடும்.

அதற்கும் பலன் இல்லை என்றால் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் தரலாம், கட்டணம் இல்லை. மறுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் தர வேண்டும். மாநிலத்திலும் இதற்கான அமைப்பு இருந்தால் 300 நாள். நியூ ஜெர்சியில் 300. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்த நாட்கள் நிற்காது. மறுப்பு வந்த அன்றே காலண்டரில் கடைசித் தேதியைக் குறித்துவிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு குறியும் போட்டு வையுங்கள்.